லில்லிபுஷ்பத்தின் ஜீப்பும் நான் எழுதிய ஒரு தவறான வரியும்

லில்லிபுஷ்பம் இறந்த செய்தியை அவருடைய தம்பி ராஜன் தொலைபேசியில் சொன்னார். "அக்கா போயிட்டு, சாரே. காலைல சாயா குடிச்சிட்டு இருந்தவ ஆக்கும்" என்றார். கேரள எல்லையோரப் பனச்சமூட்டிலும் வெள்ளறடையிலும் அவருடைய ஜீப்பில் ஒரு முறையாவது ஏறாத வீடு குறைவு. அந்த வீட்டுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய வீட்டாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த அவருடைய கணவர் குடும்பத்துக்கு, குடியிருந்தவருக்கே மனை என்ற குடிகிடப்பு உரிமையில் பத்து சென்ட் கிடைத்தது. நிலம் கைவிட்டுப் போன அதே பெரிய வீட்டார் பழைய ஜீப்பையும் விற்றபோது, தாலியில் கோத்த சங்கிலியைக் கொடுத்து லில்லிபுஷ்பம் அதை வாங்கினார். கணவர் வளைகுடாவுக்குப் போனார். ராஜன் ஓட்டினார். காலையில் பூவாறு கடற்கரையிலிருந்து மீன் கூடைகள், பிறகு ஆட்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வளைகுடாவுக்குப் போகிறவர்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுவிடும் பயணம்.

கூடையிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் வண்டியின் தரைத் தகரத்தைத் தின்றது. முதலில் குண்டூசித் தலை அளவில் இரண்டு மூன்று ஓட்டைகள். தரையில் ஓட்டை தெரிந்தால் விமான நிலையப் பயணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, லில்லிபுஷ்பம் அதன் மேல் தார் தடவிய சாக்கை விரித்து, ரப்பர் மேட்டைப் போட்டு மூடினார். சாக்கு உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டைகள் ஒன்றாகி உள்ளங்கை அகலமானது அவருக்கும் தெரியாது.

வின்சென்ட் என்ற பக்கத்து வீட்டு இளைஞர் முதன்முறையாக வளைகுடா புறப்பட்ட நாளில் நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். நாளிதழ் நிருபரான எனக்கு நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் ஒரு வழக்குச் செய்தி எடுக்கும் வேலை இருந்தது. லில்லிபுஷ்பம் வழியனுப்ப வந்தார். பாஸ்போர்ட், டிக்கெட், கணவருக்கு அவர் எழுதிய கடிதம் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கவரில், வின்சென்டின் மடியில். வெள்ளறடை தாண்டியதும் வின்சென்ட் தூங்கிவிட்டார்.

நெய்யாற்றின்கரையில் சாயா குடிக்க இறங்கும்போதுதான் கவர் இல்லை என்று தெரிந்தது.

"அக்கா, கவரக் காணல்லியே!"

"மடியிலதானெலே வச்சிருந்த?"

"சீட்டுக்கு அடியில பாரு" என்றார் ராஜன்.

லில்லிபுஷ்பம் குனிந்து பார்த்தார். மேட் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. மட்கிய சாக்கு கிழிந்து, ஓட்டை வழியே தார்ச்சாலை தெரிந்தது. "கவரு நமக்கு முந்தியே எறங்கிட்டு, மக்கா" என்றார். வின்சென்ட் அழத் தொடங்கினார். வீட்டை ஈடு வைத்து வாங்கிய விசா. மாலையில் பம்பாய் விமானம்.

"எலே ராஜா, வண்டியத் திருப்பு. நான் முன்னால நடக்கேன், நீ மெல்ல வா."

வந்த வழியே திரும்பினோம். ராஜன் ஊர்ந்து ஓட்ட, லில்லிபுஷ்பம் சாலையின் இரு ஓரங்களையும் பார்த்தபடி வெயிலில் நடந்தார். மூச்சு வாங்கினால் ஏறிக்கொள்வார். மறுபடி இறங்குவார். உதியன்குளங்கரை தாண்டி ஒரு சிறு கல்வெர்ட் பாலத்தின் பக்கத்தில், மரச்சீனிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா கையைக் காட்டினார். கவரின் மேல் ஒரு கருங்கல் இருந்தது. "ஆராவது தேடி வருவாங்கன்னு கல்லத் தூக்கி வச்சேன் ஆக்கும்" என்றார். கவரில் சைக்கிள் டயர் தடம். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது.

வின்சென்ட் அதை வாங்கிச் சட்டைக்குள் வைக்கப் போனார். லில்லிபுஷ்பம் தன் கடிதத்தை மட்டும் உருவி எடுத்தார். "சாரே, பேனா தாருங்க."

"அக்கா, நேரமாச்சு!"

"ரெண்டு வரிதான் மக்கா. இல்லெங்கி நீ போயி அவரிட்ட சொல்லிருவ."

ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து, 'வண்டிக்கு ஒரு குறையும் இல்லை' என்ற வரியை அடித்தார். கீழே எழுதினார்: 'தரையில் ஓட்டை விழுந்தது. நான் மூடி வைத்தேன். இன்று வின்சென்டின் பாஸ்போர்ட் அதில் விழுந்து, திரும்பக் கிடைத்தது. இந்த வாரம் சரியாக்குவேன்.' பிறகு வண்டி விமான நிலையத்துக்குப் பறந்தது. வின்சென்ட் விமானம் ஏறினார்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது சீட்டைக் கழற்றி வெளியே போட்டிருந்தார். வெல்டிங் கடையில் தரை முழுவதையும் மாற்றச் சொன்னார்களாம். அதற்கு வழியில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரையைத் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாகக் கேட்ட இடத்தையெல்லாம் உளியால் வெட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை இரண்டு மடங்காகியிருந்தது.

"அடைக்கச் சொன்னா அக்கா பெருசாக்குதா!" என்று ராஜன் கிண்டல் செய்தார்.

"நல்ல தகரம் வாற வரைக்கும் வெட்டணும்லே. செத்த தகரத்துல போல்ட்டு நிக்குமா?"

துருவைப் பளபளப்பு வரும்வரை சுரண்டினார். பழைய டிரம்மிலிருந்து வெட்டிய தகரத்தை ஓட்டையைவிட ஓரங்குலம் பெரிதாக வைத்து, இரண்டு பக்கமும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்து, விளிம்பில் தார் தடவிச் சின்ன போல்ட்டுகளால் முறுக்கினார். அடியில் படுத்துக் கீழ் விளிம்பையும் தாரால் அடைத்தார். தரையின் தாழ்ந்த மூலையில் அவரே ஒரு சிறு துளை போட்டார், தண்ணீர் வடிய. சாக்கைத் தூக்கிப் போட்டார். மேட்டைத் தினமும் எடுத்து வெயிலில் போடுவார். "மூடினது காயாது, சாரே" என்பார். அந்த ஒட்டு, ஜீப்பை விற்கும்வரை நின்றது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் ஒன்று சொல்லப் போனேன். வின்சென்ட் புறப்பட்ட அன்று எஞ்சின் சூட்டில் என் கால் வெந்தது. மேட்டைக் காலால் ஒதுக்கினேன். கீழிருந்து காற்று வந்தது, சாலை ஓடுவதும் தெரிந்தது. சுகமாக இருந்ததால் பேசாமல் இருந்தேன். மறுநாள் நாளிதழில் பாஸ்போர்ட் கிடைத்த கதையை எழுதியபோது, 'சாலையின் குலுக்கலில் மேட் விலகியதால்' என்று எழுதினேன்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியும், சாரே. மேட்டு உங்க காலுக்கிட்டதானே சுருண்டு கெடந்துது?"

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"ஓட்ட என்னுதுல்லா. மேட்டு மட்டுந்தானே நீங்க."

இத்தனை ஆண்டுகளில் பெரிய மனிதர்கள் பலர் சொன்னதைக் குறிப்பெடுத்திருக்கிறேன். யாரும் கேட்கும் முன்பே தன் வரியைத் தானே அடித்துத் திருத்தியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பழக்கம். தாமதமாகத்தான் கைக்கு வந்திருக்கிறது. அன்றைய என் செய்தியில் ஒரு வரி தவறு. மேட் சாலையின் குலுக்கலில் விலகவில்லை. நான் விலக்கினேன்.