பேட்டரிப் பெட்டிக்குள் போன ரவுட்டர்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: லாரி உரிமையாளர் செல்லமுத்து அண்ணன், அவர் மனைவி ராஜாமணி அக்கா, புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் கீர்த்தனா, வியர்த்து வழிந்தபடி நான். பத்து மணிக்கு லேப்டாப்பில் பெங்களூர் மேனேஜர் வருவார். அந்த மீட்டிங் தடங்கலில்லாமல் நடந்தால் கீர்த்தனா சங்ககிரியிலிருந்தே வேலை பார்க்கலாம். நெட் விட்டுவிட்டு வந்தால் பெங்களூர் ஹாஸ்டலுக்கே திரும்ப வேண்டும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கேபிள் இழுக்க வந்தவன். இப்போது ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கிறேன். ஒரு வீட்டில் வேலை முடித்து வந்தால், எதையோ மறந்துவிட்டோம் என்றே மனசு அடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வீட்டுக்கு ரவுட்டர் வாங்கும்போதே பயம்தான். கடையில் அண்ணன் எட்டு ஆன்டெனா வைத்த ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

"டயரு அதிகமிருந்தா லோடு அதிகம் இழுக்குமில்லீங்களா தம்பி?"

இது லாரி இல்லை என்றேன். 2.4 பேண்ட் தூரம் போகும், வேகம் கம்மி. 5 பேண்ட் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் படுத்துவிடும். இரண்டும் உள்ள நடுத்தர ரவுட்டர் போதும். உங்கள் பிளானே நூறு எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் வேகமுள்ளதை வாங்கி என்ன பயன்? ஹாலில் மாடிப்படி ஓரம், உயரமாக வைத்தால் மாடி அறைக்கு வரும். வராவிட்டால் சிக்னலை மாடிக்கு நீட்டிக்கொடுக்க ஒரு மெஷ் யூனிட் சேர்க்கலாம் என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார். மாட்டி, மாடியில் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். எண்பதுக்கு மேல் காட்டியது. சந்தோஷமாகக் கிளம்பினேன்.

மறுநாள், அந்த மீட்டிங் நாள் காலை, போன் வந்தது. மாடியில் சுத்தமாக இல்லையாம்.

போனவன் நேராக மாடிக்கு ஓடினேன். எட்டு ஆன்டெனாவையே வாங்க விட்டிருக்கலாமோ, என்னால் ஒரு பெண்ணின் வேலை கெடுகிறதோ என்று ஸ்பீடு டெஸ்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். கீர்த்தனாதான் நிதானமாகக் கேட்டார்: "அண்ணா, ரவுட்டர் இப்ப எங்க இருக்கு?"

இறங்கி வந்து பார்த்தோம். ரவுட்டர் இருந்த இடத்தில் பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. பெரிய பூட்டு.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "திருடு போற பேட்டரியத் தொறந்து போட்டுட்டு எந்த லாரிக்காரன் தூங்குவானுங்க? இதுக்கும் நேத்தே பட்டறையில சொல்லி பேட்டரிப் பொட்டி மாதிரியே அடிச்சுட்டேன். பதினாறு கேஜ் தகடு. காத்துக்கு ஓட்டை கூட போட்டிருக்குதுங்க."

இரும்புக்குள் அடைத்தால் சிக்னல் வெளியே வராது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. சாவி எங்கே என்றேன். லாரி ஓட்டிப்போன மகனின் சாவிக் கொத்தோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாம்.

மணி பத்தை நெருங்கியது. ராஜாமணி அக்கா லாரி ஜாக்கியின் இரும்பு ராடோடு வந்தார்.

"தள்ளுங்க அக்கட்ட. எம்பட மருமகள எங்கயும் அனுப்பமாட்டேன்."

இரண்டே போடு. பூட்டு தெறித்து விழுந்தது.

ரவுட்டரை வெளியே எடுத்து வைத்தேன். மாடியில் மேனேஜரின் முகம் பளிச்சென்று வந்தது. மீட்டிங் முடிகிற நேரம், மியூட் போடவில்லை என்று தெரியாமல் அக்கா படியில் நின்று கூப்பிட்டார்: "அம்மிணி, ரெண்டு இட்லி தின்னுபோட்டுப் பேசு சாமி." அந்தப் பக்கம் மேனேஜர் சிரித்தார். இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, அங்கேயே இருந்து வேலை பாருங்கள் என்றாராம்.

அன்று நானும் அங்கே ஆறு இட்லி சாப்பிட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. எத்தனை ரூம், எத்தனை போன் என்று கேட்பதோடு, நாம் போன பிறகு அதை எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள். நான் வாசலில் ஒருமுறை கேட்பேன். வீட்டுக்குப் போய், போன் போட்டு இன்னொரு முறை கேட்பேன்.

செல்லமுத்து அண்ணன் மட்டும் முந்திக்கொள்வார். என் நம்பரைப் பார்த்ததுமே, "வெளியேதானுங்க இருக்குது தம்பி" என்பார்.