சூசை பிட்டரும் அவருடைய சிவப்புக் காரும்

சூசை பிட்டர் இன்று காலை போய்விட்டார்.

நெஞ்சு வலிக்கிறது என்றாராம். பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீலர் வருவதற்குள்... "உங்க பிட்டர் போயிட்டாரு சேர்" என்று அவர் மனைவி மரியம்மா போனில் சொன்னார்.

லயத்து வாசலில் ஒரு சிவப்பு இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிற படத்தை முன்பு இங்கே நிறையப் பேர் ஷேர் பண்ணினீர்கள். பொய்ப் படம் என்றுகூடச் சிலர் எழுதினீர்கள். பொய் இல்லை. அது அவருடைய கார்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே நான் படிப்பித்த தோட்டத்தில், தேயிலை பெக்டரி மெஷின்களை முப்பது வருடம் பார்த்துக்கொண்ட பிட்டர் அவர்; அந்த வேலைதான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தோட்டத்து மேனேஜராக இருந்த பழைய தொரையின் காரையும் அவர்தான் பார்த்தார். தொரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது காரை அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளே காரின் பதிவுப் புத்தகத்தை ஷொப்பிங் பேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு வந்தார். "சேர், பேரு சரியா இருக்கா பாருங்க."

சரியாக இருந்தது. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்கு அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. காருக்கு மட்டும் இருந்தது. அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காரின் வயிறு தரையில் முட்டும். தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு தண்ணீர்க் கானிலும் பலகை போட்டு, ஆள் முன்னால் நடந்து, தள்ளி, தூக்கி... தார் ரோட்டுக்கு வர ஒன்றரை மணித்தியாலம்.

"பிட்டரய்யா, கார்ல போறீங்களா, கார கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று மலையிலிருந்து கொழுந்துக்காரப் பெண்கள் கேட்பார்கள். "ரெண்டுந்தான்" என்பார்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் வெளியே எடுப்பார். மற்ற நாளெல்லாம் துடைப்பதும் கழற்றுவதும் பூட்டுவதும்தான். ஹோஸ் கிடைக்காது, கேபிள் கிடைக்காது. பெக்டரியில் கிடைப்பதை வைத்துத் தானே செய்து போடுவார். காரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டுப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அதுதான் எங்கள் வேலை.

யார் கேட்டும் விற்கவில்லை. லயத்துக்குப் பின்னால் மண் வெடிக்கும் வரை.

மண்சரிவு அபாயம், இங்கே இருக்க வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கே போய் இருப்பது என்று யாரும் ஒட்டவில்லை. அப்போதுதான் பழைய கார் சேர்க்கிற கொழும்புச் சிங்கள மாத்தயா ஒருவர் வந்தார். ஓப்பநாயக்க டவுனுக்குக் கிட்ட அவருக்கு ஒரு வீடு கட்டுமளவு பத்து பேர்ச் காணி இருந்தது. கார் நன்றாக ஓடினால் காருக்குக் காணி, உறுதிப் பத்திரத்தோடு.

பிட்டர் உடனே சம்மதித்தார்.

ஓட்டிக் காட்டுவதற்கு முந்திய ஞாயிறு, எதையும் விட்டுவிடக்கூடாது என்று புத்தகத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். என்ஜினுக்குள் இருக்கிற டைமிங் பெல்ட்டைப் பற்றி ஒரு வரி வந்தது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று. அதைக் கடைசியாக மாற்றியது தொரை காலத்தில். பத்து வருடத்துக்கு மேல்.

பிட்டர் மூடியைக் கழற்றி, பெல்ட்டைத் திருப்பி, விரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தார். "ஒரு வெடிப்பு இல்ல, ஒரு நூல் பிரியல. பெக்டரி ரோலர் பெல்ட்டு எது எப்ப அறும்னு தொட்டுச் சொன்னவன் சேர் நானு."

உண்மைதான். அவர் கை வைத்துச் சொன்னது ஒருநாளும் தவறியதில்லை. நான் வாத்தியார் இல்லையா... எனக்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டியிருந்தது. திறக்காத புத்தகம் கிழியாதுதானே என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மூடியைப் பூட்டினார்.

ஓட்டிக் காட்டிய அன்று பலாங்கொடை ரோட்டில் மூன்றாவது வளைவு ஏறும்போது பெல்ட் போனது. நான் பின்னால் த்ரீவீலரில் வந்துகொண்டிருந்தேன். ஒரு சத்தம். பிறகு கார் சத்தமே இல்லாமல் பின்னுக்கு உருண்டு நின்றது.

மாத்தயாவோடு வந்திருந்த மெக்கானிக் திறந்து காட்டினார். பெல்ட் வெளியில் புதிதுபோல இருந்தது. உள்ளே பல் எல்லாம் உதிர்ந்திருந்தது. ஓடாமல் கிடந்தாலும் அந்த ரப்பர் செத்துப்போகுமாம். அது நழுவியதில் என்ஜின் வால்வுகளைப் பிஸ்டன் அடித்து வளைத்துவிட்டது.

மாத்தயா கோபப்படவில்லை. தோளில் கை வைத்து, "பாஸ் உன்னெஹே, மேக இவரய்" என்று சிங்களத்தில் சொன்னார். இது முடிந்துவிட்டது என்று. பிட்டர் கழற்றிய மூடியை எடுத்துப் பூட்டத் தொடங்கினார்.

காணியை வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள். இப்போது அதில் ஒரு ஹார்ட்வெயார் கடை.

அதற்குப் பிறகு பிட்டர் என்ஜினைக் கழற்றி, வளைந்த வால்வுகளைப் பேப்பரில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் தினமும் உட்காருவார். மழை தொடங்கினால் மட்டும் எழுந்து போய் லயத்துக்குப் பின்னால் அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தால்...

முடிக்க விடவில்லை. "நீங்க வாசிச்சீங்க சேர். நாந்தான் கேக்கல."

அப்படி இல்லை, பிட்டர். திறக்காத புத்தகம் என்று சொல்லிக் கேட்கவிடாமல் செய்ததே நான்தான்.

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம், தோட்டத்து மயானத்தில். பஸ் ஸ்கூலடி வரைதான் வரும், அங்கிருந்து நடக்க வேண்டும். மழை பெய்கிறது, கவனமாக வாருங்கள்.

குழி வெட்ட இடம் கேட்டு அவருடைய மூத்த மகன் தோட்டத்து ஆபிசுக்குப் போயிருக்கிறான். இன்னும் வரவில்லை.

போங்க பிட்டர்... என்ன மன்னிச்சிருங்க.