பேரில் மட்டும் ஓனர்

ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்த என்னை ஒரு திங்கட்கிழமை ‘ப்ராடக்ட் ஓனர்’ ஆக்கினார்கள். லைன் எதனால் நின்றது என்று பதிவு செய்யும் செயலியை நாங்களே தயாரிக்கிறோமாம். சம்பளம் அதேதான். அடையாள அட்டையின் கயிறு மட்டும் நீலமாக மாறியது.

இந்தப் பக்கம் ஓனர் என்றால் வூட்டு ஓனர், இல்லாவிட்டால் பஸ் ஓனர். "இன்னா ஓனரு, இன்னும் கம்பெனி பஸ்ஸுலயே வந்துகினு கீற?" என்று கேட்காத ஆளில்லை. எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பட்டியல். செயலியில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதி, எது முதலில் என்று நான் வரிசைப்படுத்துவேன். புரோகிராம் எழுதும் பிள்ளைகள் மேலிருந்து எடுத்து இரண்டு வாரத்துக்கொரு முறை செய்து காட்டுவார்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பெயர் ஸ்பிரிண்ட். உட்கார்ந்தபடியே ஓடும் பந்தயம்.

செயலி லைனுக்கு வந்த வாரம், வாலாஜாபாத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி அம்மா ஒருவர் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு சுகர் கீது சார். அடிக்கடி பாத்ரூம் போவணும். போனா உங்க செயலி ‘ஆள் இல்லை’ன்னு என் பேர்ல போட்டுடுது. பாத்ரூம்னு தனியா ஒரு பட்டன் வெச்சுக் குடுங்க. இல்லாட்டி வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க. நீங்கதான ஓனரு?"

"அடுத்த ஸ்பிரிண்ட்ல வந்துடும்மா" என்று பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜருக்குச் செயலியில் லைன் நின்ற நேரத்தைக் காட்டும் வரைபடத்தின் சிவப்பு கண்ணை உறுத்தியது; வேறு நிறம் வேண்டுமென்றார். அவருக்கு மேலே இருந்தவருக்குக் கம்பெனிச் சின்னம் திரையில் சுழல வேண்டியிருந்தது. நாட்டுக்கு அவசியமான இந்தக் காரியங்களை மேலே ஏற்றினேன். பட்டன் ஒன்பதாவது இடத்துக்குப் போனது.

மூன்றாவது ஸ்பிரிண்டில் பட்டன் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாவிடம் காட்ட நானே லைனுக்குப் போனேன். அவர் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள்.

"அந்த அக்காவா? போன வாரமே நிறுத்திட்டாங்களே சார்."

எதைக் கேட்டாலும் ‘என் கையில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்று அந்தச் சொல் வரவில்லை. அவமானமாக இருந்தது. அந்த வரிசை ஒன்றுதான் என் கையில் இருந்தது. ஒன்பது என்று போட்டது நான்தான்.