தவக்காலக் கூழ்

ஞாயிறு காலை ஐந்தே கால் மணி. விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டவை குளியல் தொட்டி நிறையக் கிடந்த நண்டுகள். ஜெர்மனியின் கொலோன் நகரத் தமிழ்க்கடையில் வாங்கிய உறைந்த நண்டு. ஐஸ் இளகட்டும் என்று அம்மா கொட்டி வைத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பல் துலக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அன்று எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலச் சாப்பாடு. கொலோனுக்கு வெளியே நாங்கள் இருந்த சிற்றூரில் ஆண்டுதோறும் நடப்பதுதான். பூசை முடிந்ததும் மண்டபத்தில் எல்லோரும் எளிய சூப் ஒன்றைக் குடித்துவிட்டு, நல்ல சாப்பாட்டுக்குச் செலவாகியிருக்கக்கூடிய பணத்தை உண்டியலில் போடுவார்கள். முந்தைய ஆண்டு அது மன்னாருக்குப் போயிருந்தது. அங்கே ஒரு கன்னியர் மடம், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வறிய வீடுகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன் கொடுத்து வந்தது. அவற்றில் ஒன்று பெரியம்மாவின் வீடு; பங்கில் எல்லோருக்கும் அது தெரியும். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, பதினோராம் வகுப்பில் இருந்தாள்.

"சாமான் நிண்டால் இவளைப் பள்ளிக்கூடத்தால மறிக்கிறதைத் தவிர வேற வழியில்லை" என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னது பக்கத்து அறையில் எனக்கும் கேட்டது. உதவி தொடருமா என்பதை ஈஸ்டருக்குப் பிறகு பங்குப் பேரவை முடிவு செய்யும்.

பேரவைத் தலைவி உயரமான ஜெர்மன் பெண்மணி. அவர் அம்மாவிடம் கேட்டது இவ்வளவுதான்: இம்முறை சூப் உங்கள் ஊர்ச் சூப்பாக இருக்கட்டும், எளிமையாக.

"எளிய சூப் எண்டுதானே சொன்னவ" என்றார் அப்பா, குளியலறை வாசலில் துவாயோடு நின்றபடி.

"கூழும் சூப்தானே."

"நண்டுக் காலோடயோ?"

"தவக்காலத்தில இறைச்சிதான் கூடாது. வாற சனத்துக்குப் பருப்புத் தண்ணியை ஊத்தி அனுப்பினால் எங்களை என்னெண்டு நினைப்பினம்?"

"அது சரி. இப்ப நான் எங்கை குளிக்கிறது?"

நண்டு, இறால், மீன்தலை, மரவள்ளி, பயற்றங்காய் எல்லாம் கொதித்து, கடைசியில் பனங்கிழங்கு ஒடியல் மாவும் புளியும் கரைத்து விட்டபோது கட்டிடம் முழுவதும் மணத்தது. மேல்மாடிக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

மண்டபத்தில் பானையைத் திறந்ததும் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு முதியவர் நண்டுக் காலைக் காகிதத் துவாயால் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் பங்கை எடுத்துக் கடைவாயில் வைத்து உடைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த மேசை முழுவதும் கடிக்கும் சத்தம். மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடி வரிசைக்கு வந்தார்கள்.

தலைவியும் வந்தார். ஊரில் உங்கள் அக்கா வீட்டிலும் இப்படித்தான் சாப்பிடுவார்களா என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஞாயிறு என்றால் இதுதான், வீடு முழுக்கப் பானையைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கும் என்றார். அம்மாவின் சிறுவயதில் அது உண்மை. தலைவி தலையாட்டிவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மன்னாருக்கு வீடியோ அழைப்பு எடுத்து, கழுவாத பானையைக் காட்டினார்.

"நண்டோ?" என்றார் பெரியம்மா. "நாங்கள் வாயில வைச்சு எவ்வளவு காலமடி. என்ர மனிசன் கடலில பிடிக்கிறது முழுக்கக் கொம்பனிக்குத்தான். அவை உடைச்சு டின்னில அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புகினம்."

பின்னால் நின்ற அக்கா எட்டிப் பார்த்து, "உனக்கு நண்டு உடைக்கத் தெரியுமேடி?" என்று என்னைக் கேட்டாள். அப்பாதான் உடைத்துத் தந்தார் என்றேன். சிரித்தாள்.

ஈஸ்டருக்குப் பின் ஒரு ஞாயிறு, பூசை முடிவில் தலைவி அறிவித்தார். இந்த ஆண்டுக் காணிக்கை, சாப்பாடே இல்லாமல் பிள்ளைகள் வாடும் வேறொரு நாட்டுக்குப் போகிறது. தமிழ்க் குடும்பத்தின் அருமையான விருந்துக்கு நன்றியும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று அம்மா காரில் கேட்டார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். உறைப்புத்தான் காரணம் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்த ஆவணியில் அக்கா நண்டு உடைக்கும் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.