கலியன் புத்தகம் வாங்கிய கணக்கு

சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை, கடைக்காரர் தௌஹீதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கலியன் பிரவுசிங் சென்டரில் உட்காருவார். "பாய், டைம் இன்னும் ஸ்டார்ட் ஆவல. கம்ப்யூட்டர் முழிச்சிக்கிற வரைக்கும் உன் கணக்கு."

திரையில் பாய்லர் பற்றிய ஆங்கிலப் புத்தகம். இணையத்தில் இலவசம். விரலை வரிவரியாக நகர்த்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பார். மணிக்கு இருபது ரூபாய். மூன்று பக்கம் தாண்டாது. நடுவில் கரண்ட் போனால், போன நிமிடங்களை மறுநாள் சண்டை போட்டு வாங்கிக்கொள்வார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவர் எட்டு வருடமாக பாய்லர் ஹெல்ப்பர், கான்ட்ராக்ட் ஆள். நான் அங்கேயே குவாலிட்டியில். இருவருக்கும் ஒரே வாடகை அறை. பாய்லர் பரீட்சையில் தேறினால் பர்மனென்ட் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்தமுறை தவறினால் அவர் இடத்துக்கு வெளியாளை எடுத்துவிடுவார்களாம்.

"ஓசி ஓசின்னு நீங்க அழுத காசுக்கு புது புக்கே ரெண்டு வந்திருக்கும்ணா" என்றேன்.

"புக்கு ஓசிதான் நைனா. நான் துட்டு குடுத்தது சேருக்கு."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சீனியர்கள் விற்ற பழைய புத்தகங்களில் படித்தே பட்டம் வாங்கினேன். அந்தத் திமிரில் அவரை ரயிலேற்றி மூர் மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனேன்.

அதே புத்தகம், பழைய பிரதி, நூற்றிருபது சொன்னார்கள். முகர்ந்து பார்த்தார். "எவனோ பூரா கோடு போட்டு வெச்சிக்கீறான். கொறைச்சிக்கோ." அடுத்த கடையில் கோடே இல்லாத பிரதி. "ஒருத்தனும் படிக்கலியே, இன்னாத்துக்கு ஆவும் இது?" என்று அதற்கும் குறைக்கச் சொன்னார். தொண்ணூறுக்குப் படிவதற்குள் எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது.

ஒழிந்தது என்று நினைத்தேன். அறைக்கு வந்ததும் பிரவுன் அட்டை போட ஆரம்பித்தார். "பரீட்ச முடிஞ்சதும் இதே வெலைக்குத் தள்ளிடுவேன். கம்ப்யூட்டருக்குள்ள கீற புக்க எவன்கிட்ட விக்கிறது? அதான் சொல்றேன், இதுதான் லாபம்."

ஆகவே புத்தகத்தின் முதுகு மடங்கக்கூடாது. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் புத்தகத்தைத் திறப்பதில்லை. திருடன் கதவிடுக்கில் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பார். பக்கத்தில் நான் டீ குடிக்கக்கூடாது.

பரீட்சைக்கு முந்தின நாள். படத்தைக் காட்டித்தான் கேட்பார்களாம். பாய்லரின் குறுக்குவெட்டுப் படம் இரண்டு பக்கமும் சேர்த்து அச்சாகியிருந்தது. தண்ணீர் குறைந்தால் உருகுவதற்கென்று பாய்லருக்கு உள்ளே பொருத்தியிருக்கும் பிளக் எங்கே, காட்டுங்கள் என்றேன். ஓடும் பாய்லரில் கண்ணுக்குத் தெரியாத சாமான் அது. இடது பக்கத்தில் தேடினார், வலது பக்கத்தில் தேடினார்.

"தையலுக்குள்ள பூந்துக்கினுகீது நைனா."

"விரிங்கண்ணா! வேலையே போயிடும், விரிச்சித் தொலைங்க!"

கட்டைவிரல்களை நடுவில் வைத்தார். அழுத்தப் போனவர் நிறுத்தினார். "முதுகு ஒடைஞ்சா பத்து ரூபா போச்சே."

எழுந்து ட்யூப்லைட்டுக்கு நேரே புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை அந்த இடுக்கில் வைத்தார்.