குறட்டை நிற்கும்போது கேட்டவர்

பிலோமினா டாக்டர் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, என் கணவர் வாயிலிருந்து கழற்றிய பிளேட்டைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். குழாயை மூடிவிட்டுப் பிளேட்டைத் துண்டால் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். காலையில் அதைக் கழற்றியதும் கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒழுங்காகச் சேராது, பேச்சு குழறும். அன்றைக்குக் குழறியது அதனால் இல்லை.

டாக்டரை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் செங்குத்தான மாடிப்படி ஏறிப் போய் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், 'சரியான கோபக்காரி' என்று திட்டிக்கொண்டே அடுத்த பல்லுக்கும் அவரிடமே போனவர்கள். உங்களுக்கு அவர் பல் டாக்டர். எங்கள் வீட்டுக்கு அவர் மூச்சு டாக்டர். அது எப்படி என்று சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கடைவாய்ப் பல்லில் பொறுக்க முடியாத வலி. அப்போது நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் நமச்சிவாயம், பாபநாசத்துக்கும் திருநெல்வேலிக்கும் அம்பை வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். அவருக்கு ஓய்வு நாள் என்பதால் துணைக்கு வந்தார். துணைக்கு வந்தவர் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் தூங்குகிற மனிதர் அவர்.

உள்ளே நான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறேன். வெளியே குறட்டை ஆரம்பித்தது. காத்திருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. எனக்கு மானம் போயிற்று. பிறகு குறட்டை நின்றது. உடனே டாக்டரின் கையும் நின்றது. என் வாயில் பஞ்சை அப்படியே விட்டுவிட்டு, கையுறையோடு வாசலுக்குப் போய் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரின் நெஞ்சு ஏறி இறங்கியது, மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை. கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல ஒரு திணறலோடு மூச்சு வந்தது. மறுபடி குறட்டை, மறுபடி நிசப்தம். அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கொறட்டய விடுங்க. அது நிக்கும்போது கேட்டிருக்கியளா?"

வாய் நிறையப் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினேன். கேட்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கண்விழிப்பது குறட்டைக்கு அல்ல, அது நிற்பதற்குத்தான். சத்தம் திரும்ப வரும்வரை என் மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடப்பேன். யாரிடம் சொல்ல? "எம்பிள்ள குடுத்து வச்சவன், படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதான்" என்று என் மாமியார் பெருமைப்படுவார். எங்கள் பக்கத்தில் குறட்டை என்றால் நல்ல தூக்கம், நல்ல தூக்கம் என்றால் நல்ல உடம்பு. அவ்வளவுதான் கணக்கு.

"என்ன வேல பாக்காவ?" என்றார் டாக்டர்.

பஞ்சைப் பிடுங்கிவிட்டுச் சொன்னேன். "பஸ் டிரைவர்."

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் கடற்கரை ஊர்க்காரர், அப்பா தோணி வைத்திருந்தவர். என் கணவருக்கு வியாதியை அந்த வழியில்தான் விளக்கினார். "தூக்கத்துல தாடையும் நாக்கும் தளந்து பின்னால போயி மூச்சுக்குழாய அடைக்கி. கட்டுன கயிறு தளந்தா தோணி பின்னால நகண்டு மணல்ல தட்டும்லா, அதே கததான். நம்ம தாடைய முன்னால இழுத்துக் கட்டணும்." முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, தூங்க வைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்க்கிற பரிசோதனைக்கு. மூச்சை முகத்தில் ஊதுகிற மிஷின் ஒன்று உண்டு என்றார்கள். அதற்கு விடிய விடிய கரண்ட் வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் வந்தாலே அதிசயம்; மேலும் பாதி நாள் அவர் படுப்பது பாபநாசத்தில், பஸ்ஸுக்குள்ளேயே. சரி, வாயில் மாட்டுகிற பிளேட் செய்து பார்ப்போம் என்று முடிவானது.

"எல்லாருக்கும் இது கேக்காது" என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். "ரொம்ப முத்திப் போயிருந்தா மிஷின்தான். ஒங்களுக்கு நடுத்தரம். போட்டுப் பாத்து, மறுபடி மெட்ராஸ்ல டெஸ்ட் எடுக்கணும். அது வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடப்படாது."

படி இறங்கும்போது என் கணவர் வெடித்தார். "பல்லு டாக்டர் பல்லப் பாக்கட்டும். எவ் வண்டிய எதுக்குப் பாக்காவ?" நான் 'குடையை வைத்துவிட்டேன்' என்று அவரைக் கீழே நிறுத்திவிட்டுத் திரும்ப மேலே ஏறினேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை டாக்டரிடம் சொன்னேன். போன மாதம் பத்தமடை வருவதற்கு முன்னால் அவர் கண் செருகி, வண்டி ரோட்டை விட்டு வயல் ஓரம்வரை போய்விட்டது. எப்படியோ திருப்பிவிட்டார். ஆடு குறுக்கே வந்திருக்கும் என்று ஜனங்களே பேசிக்கொண்டார்கள். இவரும் ஆமாம் என்று விட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும், ஆடு எதுவும் இல்லை என்றார். அந்த வண்டியில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. என் வகுப்புப் பிள்ளைகளே அதில்தான் வருவார்கள்.

டாக்டர் கேட்டுவிட்டு, "ஆட்டு மேல எத்தன தடவ பழி போட முடியும், கோமதி?" என்றார்.

வண்டி முதலாளி நல்லவர், டாக்டர் சொன்னதைக் கேட்டு, வேலையை விட்டு நிறுத்தாமல் என் கணவரை ஷெட்டில் டயர் பார்க்கப் போட்டார். டிரைவர் அண்ணாச்சி என்று ரோடெல்லாம் கூப்பிட்ட மனிதர், கரிபிடித்த கையோடு நடந்து வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார், படுப்பார். பேச்சு அற்றுப்போய்விட்டது. திரும்ப ஓட்ட முடியுமா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு நினைப்பே இல்லை.

பல்லுக்கு அச்சு எடுத்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். கீழ்த்தாடை எவ்வளவு முன்னால் வருகிறது என்று அளக்க, பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டாக்டரே சொல்லிச் செய்த சின்ன எஃகு அளவுகோல் ஒன்று வைத்திருந்தார். "தாடைய முன்னால தள்ளுங்க" என்றால் இவர் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். "எம்மேல கோவமாத்தான இருக்கிய? அத அப்படியே தாடையில காட்டுங்க" என்றார் டாக்டர். தாடை அளவுகோலைத் தாண்டிக்கொண்டு வந்தது.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கவ்வுகிற ரோஸ் நிறப் பிளேட் அது. முதல் சில நாள் எச்சில் வடிந்தது, தாடை வலித்தது. பிறகு குறட்டை இளைத்தது. சத்தம் அறுந்து போகிற அந்த நேரங்களும் குறைந்தன. எனக்குப் பைய நம்பிக்கை வந்தது. அப்படி இருக்கும்போதுதான் மாதக் கடைசியில் எல்லாம் பழையபடி திரும்பியது. "போடுதியளா?" என்று கேட்டால், "போடத்தாம்ட்டி செய்யுதேன்" என்று எரிந்து விழுவார். பொய் இல்லை, போட்டுக்கொண்டுதான் படுத்தார். சென்னைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு சனிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பிளேட்டை எடுத்து அவருடைய பல் அச்சின் மேல் வைத்தார். அது உட்காரவில்லை, ஆடியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெந்நியில போட்டியளா?"

இவர் தரையைப் பார்த்தார்.

என் கணவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எச்சில் விஷயத்தில் அவர் வீட்டார் மகா கண்டிப்பு. டீக்கடையிலும் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார், சூடு தொண்டையைப் பொசுக்கினாலும் சரி. அப்படிப்பட்டவர், ராத்திரி முழுக்க வாயில் கிடந்த சாமானை மறுநாள் எப்படி வாயில் வைப்பார்? தினமும் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிறகு, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றிச் சுத்தம் பண்ணியிருக்கிறார். பிளேட் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, தாடையைப் பிடித்த பிடியை விட்டுவிட்டது.

"எச்சில் சாமான்லா டாக்டர்" என்றார் சின்னக் குரலில். "நேத்து வாயில கெடந்தத இன்னைக்கு எப்படி அப்படியே வைக்கது?"

"பல்லும் நேத்து வாயில கெடந்ததுதான அண்ணாச்சி? அதக் கழத்தி வெந்நியில போடுதியளா?"

இவர் தலையை நிமிர்த்தினார். பிறகு என் கணவர் சிரித்தார். ஷெட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "தப்பு எம்மேலதான்" என்றார். "பல்லப் பாத்தேன், தாடையப் பாத்தேன். ஒங்க வீட்டு வழக்கத்தக் கேக்காம விட்டுட்டேன்." பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அன்றைக்கே புதிதாக அச்சு எடுத்தார். பிற்காலத்தில் அவரிடம் இந்தப் பிளேட்டுக்காகப் போன உங்களில் சிலரிடம், உட்கார்ந்ததும், "வீட்ல எச்சில் பாப்பியளா?" என்று கேட்டிருப்பார். பல் டாக்டர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று திகைத்திருப்பீர்கள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து போனது.

புதுப் பிளேட்டை இரண்டு மூன்று முறை திருத்தினார். சென்னையில் மறுபடி பார்த்துவிட்டு, இனி ஓட்டலாம் என்றார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் பத்தமடை ரோடு கண்ணை விட்டுப் போகவில்லை. டாக்டரிடம் போய், "டெஸ்ட்ல சொல்லிட்டாவ, எனக்குத் தைரியம் வரமாட்டேங்கி" என்றேன். "ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வாரேன். நானும் ஏறுதேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். டிரைவருக்கு நேர் பின் சீட்டில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். கண் கொட்டாமல் இவரைக் கவனித்துக்கொண்டு வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். பேட்டை தாண்டியதும் பார்த்தால், டாக்டர் தூங்குகிறார்! நான் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வயல் ஓரம் வந்தது, போனது. பத்தமடையில் ஒருவர் பாய்க்கட்டோடு ஏறினார். கட்டு டாக்டரின் தோளில் இடித்தும் அவர் அசையவில்லை. என் கணவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு இன்னும் பைய ஓட்டினார், குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பதுபோல.

அம்பையில் இறங்கியதும் கேட்டேன். "பாக்க வந்தவுக இப்படித் தூங்கிட்டியளே டாக்டர்?"

"யாரு பாக்க வந்தா? தூங்கத்தான் வந்தேன்" என்றார்.

போன வாரம் அவருடைய ஊரில், கடற்கரை மணலில் அடக்கம் நடந்தது. பிடி மணலை அள்ளிப் போடும்போது என் கணவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அழுத களைப்பில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது திருநெல்வேலியே வந்துவிட்டது. அவர் தோளை அசைக்காமல், நான் சாய்ந்தது எப்படியோ அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, வழியெல்லாம் கொறட்ட விட்டுக்கிட்டு வந்த" என்றார்.

டாக்டர் எங்களுக்கு விட்டுப்போன கேள்விதான் என் வாயில் வந்தது. "நடுவுல நின்னுச்சா?"

"நிக்கல. கேட்டுக்கிட்டேதான் வந்தேன்" என்றார்.