மேல் பாத்திக்கு ஊற்றிய தீர்த்தம்

எங்கள் கத்தரிச் செடிகள் பூத்து, பிஞ்சு பிடிக்கத் தொடங்கிய நேரத்தில், மேல் பாத்தியின் முதல் செடி பட்டப்பகலில் தலையைத் தொங்கப் போட்டது. இலையில் ஒரு பழுப்பு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. பச்சைப் பசேலென்று இருந்துகொண்டே செத்துக்கொண்டிருந்தது. சாயந்தரம் கொஞ்சம் நிமிர்ந்தது. மறுநாள் மத்தியானம் மறுபடியும் தொங்கிவிட்டது.

அறுவடைப் பூசைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினேன். எங்கள் கோயிலில் அறுவடைப் பூசைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கூடையில் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைப்போம். பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். போன முறை கீழ் வீட்டு அக்காவின் கத்தரிக்காய்க்கு ஊரே போட்டி போட்டது. என் முட்டைக்கோவாவை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் என் கத்தரிக்காயப் பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்திருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

அதனால் சந்தேகம் நேராக அக்கா மேல்தான் போனது. எங்கள் ஊர் பலாபத்வலையில் எங்கள் பக்கம் சரிவு நிலம். எங்கள் பாத்தி மேலே, அவருடைய தோட்டம் வேலிக்குக் கீழே. முந்தின வாரம்தான் வேலியோரம் நின்று, "அடேங்கப்பா டீச்சர், என்னா செழிப்பு" என்றிருந்தார். அது கண்ணூறு இல்லாமல் வேறென்ன? ஒரு ஓட்டைச் சட்டிக்குச் சுண்ணாம்பில் கண்ணும் பல்லும் வரைந்து, அவர் வீட்டைப் பார்க்கும்படி கம்பில் கவிழ்த்தேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள்தான் நான். கோபம் வந்தால் விஞ்ஞானம் எந்த மூலைக்கு?

என் கணவருக்குச் சட்டியில் நம்பிக்கை இல்லை. அவர் தீர்த்தக்காரர். செவ்வாய்தோறும் கோயிலிலிருந்து போத்தலில் தீர்த்தம் வரும். தலைவலிக்கும் அதுதான், ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். அதை வாளித் தண்ணீரில் கலந்து செடிகளுக்குக் கொண்டுபோனார். தெளிப்பது என்பது அவருக்குத் தெரியாது. குளிப்பாட்டினார், அதுவும் வாடின செடியிலிருந்து தொடங்கி.

"நோயாளிக்குத்தானே மொதல்ல மருந்து" என்றார்.

தண்ணீர் அந்தச் செடியின் அடியில் குளமாகி, வாய்க்காலில் இறங்கி, மற்றச் செடிகளை எல்லாம் வரிசையாக நலம் விசாரித்துவிட்டு, வேலிக்கு அடியால் கீழே போய்விடும். அடுத்த வாரம் இரண்டாவது செடி தொங்கியது. அவர் இரண்டு வாளியாக்கினார். கொஞ்ச நாளில் பாத்தி முழுவதும் துவண்டுவிட்டது.

ஒரு செடியைப் பிடுங்கி ஷொப்பிங் பேக்கில் போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு விவசாய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த மிஸ் தண்டை வெட்டி, கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டார். வெட்டின இடத்திலிருந்து பால் போல ஒரு வெள்ளை நூல் கீழே இறங்கியது. மண்ணிலிருக்கும் பாக்டீரியா வேருக்குள் புகுந்து, தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடுமாம். வாடல் நோய். மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டும். சில வருஷங்களுக்கு அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் கூடாது, சோளம் போடலாம் என்றார். பிறகு, நோய்ச் செடிப் பக்கமிருந்து மற்றச் செடிகளுக்குத் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

பிஞ்சோடு செடிகளை எரித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தீர்த்தத்தில் ஒரு குறையுமில்லை, ஊற்றின கையில்தான் குறை என்று அவருக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னேன். பிறகு சோளம் போட்டோம்.

அறுவடைப் பூசையன்று சோளக் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனேன். பக்கத்தில் கீழ் வீட்டு அக்கா வந்து தன் கூடையை வைத்தார். அதுவும் மூடியிருந்தது. துணியை எடுத்தால், சோளம்.

"ஒங்க கத்தரி எங்கக்கா?"

"பச்சையாவே வாடிப்போச்சு டீச்சர். ஒங்க வேலியோரத்து வரிசைதான் மொதல்ல போச்சு. ஒங்க கண்ணுதான் பட்டுச்சுன்னு நெனச்சு நானும் ஒரு சட்டி வச்சேன். பாத்திருப்பீங்களே."

பார்த்திருந்தேன். மீசை வைத்த சட்டி. குருவி விரட்ட என்று நினைத்திருந்தேன்.

ஏலம் முடிந்தபோது என் கணவர் நிறைந்த போத்தலோடு வந்தார். அக்காவின் முகம் மலர்ந்தது.

"சார், எனக்கும் கொஞ்சம் தீர்த்தம் தாங்களேன். அந்த மண்ணுல ஊத்திப் பாப்போம்."

அவர் சந்தோஷமாக மூடியைத் திருகினார். நான் போத்தலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வேணாங்கக்கா. ஒங்களுக்கு வாராவாரம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."